வாசல் கதவின் பெயிண்ட் உரிந்தால், கொப்புளித்தால், ஒட்டினால்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

மேற்குப் பார்த்த எங்கள் வீட்டின் வாசல் கதவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல் மூன்று முறையும் பெயிண்டின் தரத்தைச் சந்தேகித்து, ஒவ்வொரு முறையும் விலை கூடிய டப்பாவாக வாங்கினேன். மூன்று முறையும் அடுத்த கார்த்திகை மழை முடிவதற்குள் கதவின் கீழ்ப்பகுதி உரிந்தது. நான்காவது முறை கதவைக் கீலிலிருந்து கழற்றித் திண்ணையில் படுக்க வைத்தபோதுதான், ஆசாரி இழைத்த நாளிலிருந்து அதன் அடி விளிம்பில் ஒரு துளி பெயிண்ட்கூடப் பட்டதில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு உறவினர் வீடுகளிலும் எங்கள் தெருவிலும் இருபது கதவுகளுக்கு மேல் பார்த்துவிட்டேன். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், மரத்தையே மாற்ற வேண்டிவரும் காரணம் கடைசியிலும் வரும். இவை மரக் கதவுகளுக்கு மட்டும் உரியவை; இரும்புக் கதவுக்கும் கிரில் கதவுக்கும் பொருந்தா.

சுரண்டத் தொடங்குவதற்கு முன்

எந்த அறிகுறியானாலும் மூன்று சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்து, சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை அடியில் சாய்த்துப் பிடித்து, அடி விளிம்பில் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். முக்காலியில் ஏறி மேல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். அடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன்மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்துவிட்டால், அந்தப் பூச்சின்மேல் எதை அடித்தாலும் நிற்காது. மூன்றாவதாக, ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். நீர் எனாமலாக இருந்தால் இளகித் துணியில் நிறம் ஏறும். எண்ணெய் எனாமல் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். பழைய பூச்சு எந்த வகை என்று தெரியாமல் புதியதை வாங்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகள் இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு அடித்த பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். எனவே பழைய கதவை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள். தரையில் பாலித்தீன் விரித்து, சுரண்டியதை அதிலேயே சுருட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். வெப்பக் காற்றுக் கருவியோ, தீச்சுடர் விளக்கோ கொண்டு பழைய பூச்சை உருக்குவதை ஈய ஆவிக்கு அஞ்சியே நான் தவிர்க்கிறேன்.

அறிகுறி 1: கதவின் கீழ்ப்பகுதி மட்டும் உரிகிறது

நான் பார்த்த கதவுகளில் பாதிக்கு மேல் இந்தக் குறைதான் இருந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குள் பெயிண்ட் உரிந்து, அதற்கு மேலே முழுவதும் பளபளப்பாகவே இருக்கும்.

வாசல் கழுவும் நீர் காரணமா? காலையில் வாசல் தெளித்து முடித்ததும் கதவின் முன் குனிந்து, நீர்த்துளிகள் எவ்வளவு உயரம்வரை தெறித்திருக்கின்றன என்று பாருங்கள். உரிந்த உயரமும் அதுவும் ஒன்றாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கோலமிட உட்காரும் முன் உலர்ந்த துணியால் கதவின் கீழ்ப்பகுதியை ஒருமுறை துடைத்துவிடும் வழக்கம், எந்த விலையுயர்ந்த பெயிண்டையும்விட அதிகம் உதவும். கீழே பித்தளைத் தகடோ அலுமினியத் தகடோ அடிப்பவர்கள், அடிப்பதற்கு முன் அந்த இடத்துக்கு முழுப் பூச்சு கொடுத்து, தகட்டின் மேல் ஓரத்தையும் பக்க ஓரங்களையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டுக்குப் பின்னால் நீர் தங்கி, மரம் கண்ணுக்குத் தெரியாமலே உளுத்துப் போகும்.

அடி விளிம்பு பூசப்படாமல் இருக்கிறதா? மரம் தன் பக்கவாட்டைவிட வெட்டுவாயின், அதாவது நார்கள் குறுக்கே அறுபட்ட முனையின், வழியாகவே பல மடங்கு நீரை உறிஞ்சுகிறது. கதவின் இரண்டு செங்குத்துச் சட்டங்களின் வெட்டுவாய்களும் அடி விளிம்பில்தான் இருக்கின்றன. கதவு நிலையில் மாட்டிய பிறகு பெயிண்டர் வருவதால் அந்த இடத்துக்கு அவருடைய பிரஷ் எட்டுவதில்லை. மாசிக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட உலர்ந்த நாட்களில் கதவைக் கழற்றி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மூன்று நான்கு நாட்கள் காயவைத்து, சிறிது டர்பன்டைன் கலந்து நீர்த்த உட் பிரைமரை முதல் கையாக அடி விளிம்புக்குக் கொடுங்கள். அது குடித்த பிறகு கலக்காத பிரைமர் ஒரு கை, அதன்மேல் எனாமல் இரண்டு கை. மேல் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். கதவைக் கழற்ற ஆள் இல்லையென்றால், பழைய மிதியடியிலிருந்து நான்கு விரல் அகலத்தில் நீண்ட துண்டு ஒன்றை வெட்டி, அதில் பிரைமரை ஊற்றி, கதவுக்கு அடியில் நுழைத்து இருவர் இரு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் விளிம்பில் ஓரளவு நன்றாகவே பிரைமர் ஏறும்.

சட்ட இணைப்பு திறந்திருக்கிறதா? அடிச்சட்டம் செங்குத்துச் சட்டத்தோடு சேரும் கோட்டில் ஒரு விசிட்டிங் கார்டின் முனை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அங்கே மழைநீரும் நுழையும். பழைய பட்டியைக் கிளறி எடுத்துவிட்டு, மேலே பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் கொண்டு அடையுங்கள். சிலிக்கான் சீலன்ட் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அசைய வேண்டியது. அதைப் பசையாலோ கெட்டிப் பட்டியாலோ இறுக்கிவிட்டால் அடுத்த கோடையில் பலகையே வெடிக்கும்.

மரம் உளுத்துவிட்டதா? ஸ்குரூ டிரைவரின் முனையைக் கீழ் மூலைகளில் அழுத்துங்கள். நல்ல மரத்தில் தடம் மட்டும் விழும். கெட்ட மரத்தில் முனை அமிழ்ந்து போகும். கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கும் உளுத்த பகுதியைச் சுரண்டி, உலர்த்தி, இரு கூறு எபாக்ஸி மர நிரப்பியால் நீங்களே அடைக்கலாம். இணைப்பின் நாக்கு வரை மெத்தென்று இருந்தால் பெயிண்ட் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆசாரியை அழையுங்கள். அடிச்சட்டத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முழுக் கதவையும் மாற்ற வேண்டும் என்ற சொல்லை உடனே ஏற்க வேண்டியதில்லை.

அறிகுறி 2: கதவு முழுவதும் தகடு தகடாக உரிகிறது

உரிந்து விழுந்த ஒரு செதிலை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். வேறு சோதனைகளைவிட இது விரைவாக விடை சொல்லும்.

பின்பக்கம் வழவழப்பாகவும், கதவில் பழைய பூச்சு மின்னிக்கொண்டும் இருந்தால், பழைய எனாமலைத் தேய்க்காமலே மேலே அடித்திருக்கிறார்கள். உதிர்வதையெல்லாம் சுரண்டி, 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்து, 180இல் முடித்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் பிரைமரில் தொடங்குங்கள். எண்ணெய் எனாமலின் மேல் நேராக நீர் எனாமல் அடிக்கப்பட்டிருந்தாலும் இதே தோற்றம்தான். அங்கே தேய்ப்பதோடு, இரண்டையும் பிடிக்கும் பிரைமரும் கட்டாயம்.

பின்பக்கத்தில் சாம்பல் நிற நார் ஒட்டியிருந்தால், வெயிலில் வெளுத்துச் செத்த மரத்தின்மேல் அடித்திருக்கிறார்கள். பூச்சு மரத்தைப் பிடித்திருக்கிறது, அந்த மேல் மரம் தன் அடி மரத்தைப் பிடிக்கவில்லை. நல்ல மரத்தின் நிறம் தெரியும்வரை 80 எண் தாளால் தேய்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

பின்பக்கம் வெண்மாவாக இருந்தால், அது பெரும்பாலும் சுவருக்கு உரிய வெள்ளைச் சிமென்ட் பட்டி. சுவர் வேலையில் மிஞ்சிய பட்டியைக் கதவுக்கும் இழுத்துவிடும் பழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மரம் விரிந்து சுருங்கும்போது அது உடன் அசைவதில்லை, அதனால் தகடாகப் பெயர்கிறது. முழுவதையும் எடுத்துவிட்டு மரத்துக்கு உரிய பட்டியை, பள்ளம் உள்ள இடங்களில் மட்டும், மெல்லியதாகப் போடுங்கள்.

நிலையின் இரு பக்கத்திலும், கதவில் கைபடும் இடத்திலும் மட்டும் உரிந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் நிலையில் இடுகிறோம். மாடத்து விளக்கின் எண்ணெயும் புகையும் ஆண்டுக்கணக்கில் படிகின்றன. சோப்பு நீரால் கழுவி, காயவைத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் எண்ணெய் மரத்துக்குள்தான் இறங்கும்.

பூச்சு முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால், அடுக்குகள் அளவு மீறிவிட்டன. அந்த நிலையில் முழுவதையும் நீக்க வேண்டும். இரசாயன நீக்கி தோலையும் கண்ணையும் சுடும் என்பதாலும், அடியில் ஈயப் பூச்சு இருக்கக்கூடும் என்பதாலும் இந்த ஒரு வேலையை அனுபவமுள்ள பெயிண்டரிடம் விடுவதே நல்லது.

பெயிண்ட் அடிக்காமல் பாலிஷ் மட்டும் போட்ட தேக்குக் கதவு வெண்படலமாக உரிவது தனி வகை. வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான்களுக்கு உரிய மெலமைன் பாலிஷை வாசல் கதவுக்கு அடித்திருந்தால் வெயில் அதை விட்டுவைக்காது. வெளிப்புறத்துக்கு உரியது, புற ஊதாக் கதிரைத் தாங்குவது என்று டப்பாவில் எழுதியிருக்கும் வார்னிஷே வேண்டும். அதுவும் மங்கத் தொடங்கும்போதே லேசாகத் தேய்த்து ஒரு கை புதுப்பித்துவிட வேண்டும். இரு கூறு பாலியூரித்தேன் தெளிப்பு என்றால் அதன் ஆவி மூச்சுக்குக் கேடு செய்யும். உரிய முகமூடி உள்ள தொழிலாளியே செய்யட்டும்.

அறிகுறி 3: கொப்புளங்கள் எழுகின்றன

ஒரு கொப்புளத்தைப் பிளேடால் அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பூச்சோ பிரைமரோ தெரிந்தால், வெயிலில் சுட்ட கதவின்மேல் அடித்ததால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளிருந்த கரைப்பான் ஆவி தூக்கியிருக்கிறது. அந்த இடங்களை மட்டும் தேய்த்து, கதவு நிழலில் இருக்கும் நேரத்தில் மீண்டும் அடித்தால் போதும். மேற்குப் பார்த்த கதவுக்குக் காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை, கிழக்குப் பார்த்த கதவுக்குப் பிற்பகல். அடர்ந்த நிறங்கள் வெப்பத்தை அதிகம் வாங்குவதால், மேற்கு வாசலுக்கு அடர் பழுப்பைத் தேர்ந்தவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள்.

உள்ளே வெறும் மரம் தெரிந்தால் ஈரம் உள்ளிருந்து தள்ளுகிறது. மழை பெய்து ஓய்ந்த வாரத்திலேயே அடித்தீர்களா என்று முதலில் நினைவுகூருங்கள். பிறகு அறிகுறி 1இல் சொன்ன விளிம்பையும் இணைப்புகளையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கீல் பக்கமே கொப்புளித்தால், நிலை பதிந்த சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரில் உப்புப் பூத்திருந்தால் அது பெயிண்டரின் வேலை அல்ல, கொத்தனாரை அழையுங்கள்.

அறிகுறி 4: பல நாட்களாகியும் ஒட்டுகிறது

எண்ணெய் எனாமல் தொடுகைக்குக் காய ஆறு முதல் எட்டு மணி நேரமும், அடுத்த கை அடிக்க ஓர் இரவும், நன்றாக இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு நீளும். முதல் மருந்து பொறுமைதான். பத்து நாட்களுக்குப் பிறகும் நகத்தின் தடம் பதிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கதவு முழுவதும் ஒட்டினால், பெயிண்டில் என்ன கலந்தார்கள் என்று கேளுங்கள். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் காய்வது மிகவும் தாமதமாகும். பல ஆண்டுகள் பரணில் இருந்த டப்பாவும் இப்படிச் செய்யும். அதை ஒரு தகரத் துண்டில் அடித்து ஒரு நாள் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வெறும் தேக்கில் ஆங்காங்கே திட்டாக ஒட்டினால் மரத்தின் இயற்கை எண்ணெயே காயவிடாமல் தடுக்கிறது. எந்தக் காரணமானாலும் காயாத பூச்சின்மேல் இன்னொரு கை அடிக்காதீர்கள். அதைத் தகட்டால் வழித்து, தின்னரால் துடைத்து எடுத்துவிடுங்கள். தேக்கானால் அடுத்த பூச்சுக்குச் சற்று முன்பாக மறுபடியும் தின்னரால் துடைத்து, அது ஆவியானதும் உடனே அடியுங்கள். துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்து உலர்த்துங்கள். எண்ணெய் எனாமலில் சேரும் ஆளிவிதை எண்ணெய் போன்றவை பட்ட துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது.

நிலையைத் தொடும் விளிம்பில் மட்டும் ஒட்டிக் கிழிந்தால், முழுதும் இறுகும் முன்பே கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். அந்த விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். காலையிலேயே அடித்துவிட்டு, இரவு சாத்தும்போது இடையில் மெழுகுத் தாள் வைப்பது அடுத்த முறைக்கு உதவும்.

அறிகுறி 5: பெயிண்ட் அடித்த பின் கதவு இறுகி, சாத்த முடியவில்லை

பூச்சைக் குறை சொல்வதற்கு முன் மேல் கீலின் திருகாணிகளை இறுக்குங்கள். கதவு தொங்கித் தரையை உரசுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தால், துளையில் மரப்பசை தோய்த்த தீக்குச்சிகளைச் செருகி, உலர்ந்த பின் மீண்டும் முடுக்குங்கள்.

அடுத்து, விளிம்பில் வண்ணச் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். நிலையில் சாக்பீஸ் பதிந்த இடமே உரசும் இடம். நான்கு புறமும் பதிந்தால் பூச்சுதான் தடித்துவிட்டது. காய்ந்த எனாமல் ஒரு கைக்கு ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், ஐந்து முறை மூன்று கையாக அடித்திருந்தால் விளிம்பில் 0.45, எதிரே நிலையில் 0.45 என்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போய்விடும். விடவேண்டிய இடைவெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். விளிம்பில் உள்ள பழைய அடுக்குகளை மரம்வரை சுரண்டி, பிரைமர் ஒரு கை, எனாமல் ஒரு கை என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் இறுகினால் மரம் ஊதியிருக்கிறது. அப்போது ஆசாரியை அழைத்து இழைப்புளி போடச் சொல்வது, நான் கண்டவரையில், மிகவும் வருந்த வைக்கும் முடிவு. மரம் சுருங்கிய சித்திரையில் விரல் நுழையும் சந்து நிற்கும். தை பிறக்கும்வரை மெழுகு தேய்த்துச் சமாளித்து, மரம் காய்ந்த பிறகும் உரசினால் மட்டும் இழைத்து, இழைத்த இடத்தை அன்றே பிரைமரால் மூடிவிடுங்கள். நிலையே சாய்ந்திருந்தால், அதாவது கதவின் மேல் இடைவெளி ஒரு மூலையில் அகன்று மறுமூலையில் குறுகி, மேலே சுவரில் வெடிப்பும் தெரிந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி 6: பூச்சின் ஊடாகக் கறை தெரிகிறது

கருந்திட்டின்மேல் திரவ பிளீச் ஒரு பங்கும் நீர் மூன்று பங்கும் கலந்து ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடங்களில் மறைந்தால் அது பூஞ்சை. அதே கரைசலால் கழுவி, நல்ல நீரால் அலசி, காயவைத்து அடியுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். மறையாமல் ஆணி, தாழ்ப்பாளைச் சுற்றி நீலக் கறுப்பாக நின்றால், இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்த கறை. ஆணித் தலையை உள்ளிறக்கி, துருத் தடுப்பு பிரைமர் தொட்டு, பட்டியால் மூடுங்கள்.

வெளிர்நிறப் பூச்சில் செம்பழுப்பாக ஊறினால் மரத்தின் சாறு. வேங்கைக் கதவுகளில் இது மிகுதி, அந்த மரம் நீரில் நனைந்தாலே நிறம் விடும். கணுக்களைச் சுற்றியும் காணலாம். எத்தனை கை எனாமல் அடித்தாலும் மறையாது; ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு இரண்டு கை கொடுத்து அடைத்து, அதன்மேல் பிரைமர் அடிக்க வேண்டும்.

அறிகுறி 7: வெளுத்து, தொட்டால் மாவாக ஒட்டுகிறது

இது பூச்சின் மூப்பு மட்டுமே. கழுவி, 180 எண் தாளால் தேய்த்து, இரண்டு கை அடித்தால் சரியாகும். ஓராண்டுக்குள்ளேயே வந்தால், உட்புறத்துக்கு உரிய பெயிண்டை வாங்கியிருக்கிறீர்களா என்று டப்பாவைப் பாருங்கள்.

அறிகுறி 8: வழிந்த தடமும் சுருக்கமும்

இரண்டுக்கும் காரணம் ஒரே நேரத்தில் அதிகம் அடித்தது. நன்றாக இறுகிய பிறகு தேய்த்துச் சமப்படுத்தி மெல்லிய ஒரு கை கொடுங்கள். சுருக்கத்தின் அடியில் இன்னும் ஈரமாக இருந்தால் அறிகுறி 4க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 9: பூச்சுக்கு அடியில் மண் கோடு, துளை, தூள்

நிலையின் அடியிலிருந்து மேலேறும் மண் கோடு கரையானுடையது. சிறு வட்டத் துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரந்துளைக்கும் வண்டு. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் நிலையை அடி முதல் முடி வரை தட்டிக்கொண்டே போங்கள். ஒலி பொள்ளலாக மாறும் இடம் வரை உள்ளே தின்றிருக்கிறது. மண் கோட்டைத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதால் பயனில்லை, புற்று தரைக்கு அடியில் இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கும் உரிமம் பெற்றவரை அழைத்து, கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 6313 பகுதி 3இன்படி தரையோரமும் நிலையோரமும் துளையிட்டு மருந்து செலுத்துவாரா என்று கேளுங்கள். மருந்து செலுத்திய பின் ஒரு மாதம் கதவையும் நிலையையும் அப்படியே விட்டு வைத்து, புதிய மண் கோடோ தூளோ தோன்றவில்லை என்று உறுதியான பிறகே பட்டியும் பிரைமரும் வாங்கச் செல்லுங்கள்.